சொட்டினால் சொட்டட்டும்

செஞ்சி,
மார்கழி 4.

பீமா,

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று முடிவு செய்துதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கடிதம் என்றால் இங்கே எல்லோரும் சுகம், அங்கே உன் சுகத்தைச் சொல் என்று தொடங்க வேண்டும். நான் சுகமாக இருக்கிறேன். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், எட்மன்டனில் குழாயைத் திருப்பினால் சுடுதண்ணீர் வருகிறது, அந்தக் குழாய்க்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் நீ எட்டிப் பார்த்திருக்க மாட்டாய். உன் அம்மா சுகமாக இல்லை. கார்த்திகை அமாவாசை அன்று காலை நம் வீட்டுக் குளியலறையில் கொதிக்கிற தண்ணீர் பீய்ச்சி அடித்து அவளுக்கு வலது தோளிலிருந்து முழங்கை வரைக்கும் வெந்துபோய்விட்டது. நீ வாங்கி அனுப்பி, உன் மாமா இளவரசன் மாட்டிவைத்தானே, அந்தக் கீசரிலிருந்து வந்த தண்ணீர்.

உடனே போனை எடுக்காதே, முழுவதும் படி. உயிருக்கு ஒன்றுமில்லை, புண் ஆறிவருகிறது, புதுத்தோல் விடுகிறது, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை, அதுவும் வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதை உனக்குச் சொல்லக்கூடாது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். "புள்ள ஆசையா அனுப்புனது, அதாலதான் இப்டி ஆயிடுச்சின்னு தெரிஞ்சா ஒடைஞ்சி பூடுவான், போன்ல ஒரு வார்த்தை வாயத் தொறந்தீங்க, நான் வல்லத்துல போயி எங்க வூட்டுல ஒக்காந்துக்குவேன்" என்றாள். போனில் சொல்ல மாட்டேன் என்றேன். நான் வாக்கு மீறுகிறவன் அல்ல, இது போன் இல்லை. நம் குடும்ப குரூப்பில் எழுதினால் அவளும் படிப்பாள், உன் மாமாவும் படிப்பான், அதற்கு அவன் ஒரு சிரிக்கிற பொம்மையைப் போடுவான். அதனால்தான் காகிதம். நீ போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தபோது அவள் இடது கையால் போனைப் பிடித்திருந்தாள், தோளைப் புடவையால் போர்த்தியிருந்தாள். "இன்னாம்மா படம் இந்த ஆட்டம் ஆடுது, ஏன் இப்டி போத்திக்கினு இருக்க" என்று கேட்டாய். "மார்கழிக் குளுருடா" என்றாள். "அதான் கீசர் இருக்குதே, சுடுதண்ணில குளிமா" என்று சிரித்தாய். நான் அவள் பக்கத்தில்தான், படத்தில் தெரியாத இடத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து தெருவுக்குப் போய்விட்டேன். இல்லாவிட்டால் கொடுத்த வாக்கு அன்றைக்கே போயிருக்கும்.

முதலிலிருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்த பகுதியையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் நீ உனக்குத் தோதான பகுதியை மட்டும் ஞாபகம் வைத்திருப்பாய். போன மார்கழியில் நீ வந்திருந்தாய். உன் அம்மா பின்பக்கம் அடுப்பில் மல்லாட்டைக் கடலைத் தோலைக் கொட்டி அண்டாவில் தண்ணீர் காய வைத்தாள். அந்தத் தோல் எப்படிப் புகையும் என்று உனக்குத் தெரியும். இருமிக்கொண்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தவளைப் பார்த்து நீ கலங்கிப்போனாய். இனிமேல் அம்மா அடுப்பு ஊதக்கூடாது, கீசர் மாட்டிவிடலாம் என்றாய். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, மனசுக்குள் சந்தோஷம்கூடப் பட்டேன், அதையும் இப்போது எழுதிவைக்கிறேன். அன்று சாயங்காலம் உன்னிடம் பேச ஆரம்பித்தேன். நம் வீட்டு போர் பாறைக்குள் இறங்கியிருக்கிறது, அந்தத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது, கண்டதை வாங்கி மாட்டினால் உள்ளே சுண்ணாம்பு கட்டிக்கொள்ளும், எதை வாங்கலாம் என்று உட்கார்ந்து யோசிப்போம் என்றேன். நீ போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாய். "நைனா, கிளாஸ் எடுக்காதீங்க, மாமாகிட்ட சொல்லிட்டேன், அவரு பாத்துப்பாரு." பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளவரசன் விட்டானா. "வாத்தியார் மாமா கைல சாக்பீஸ் இல்லன்னாலும் போர்டு முன்னாடி நிக்கற நெனப்புதான்" என்றான். இரண்டு பேரும் சிரித்தீர்கள். உன் அம்மாவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், அவளை மன்னித்துவிட்டேன். இந்த ஊரில் கரன்ட் கம்பத்தில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் என் வகுப்பில் இயற்பியல் படித்தவர்கள். வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்திச் சந்தேகம் கேட்கிறார்கள். என் சொந்தக் குளியலறைக்கு என்னை ஒரு வார்த்தை கேட்க ஆள் இல்லை. அன்றைக்கு மூடிய வாய்தான்.

உன் மாமா வல்லத்தில் போர் மோட்டார் இறக்குகிறவன். அந்த வேலையில் கெட்டிக்காரன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மோட்டார் தெரிந்தவனுக்கு உலகத்தில் உள்ள எல்லாம் தெரியும் என்று உனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு நினைப்பு. சைக்கிள் செயின் கழன்றாலும் மாமா, கல்லூரியில் எந்தப் பிரிவு எடுப்பது என்றாலும் மாமா. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான், பட்டமளிப்பு அன்றைக்கு அந்தக் கறுப்பு அங்கியைக் கழற்றி அவனுக்குப் போர்த்தி நீ படம் எடுத்துக்கொண்டது அவனோடு. சரி, அது வேறு கதை. அவன் கீசர் மாட்டிய கதையைக் கேள். சுடுதண்ணீர் போகிற வழிக்குச் சூடு தாங்குகிற பைப் என்று தனியாக விற்கிறது. இவன் யார் தோட்டத்திலோ மோட்டாருக்குப் போட்டது போக மிஞ்சிய வெள்ளைப் பைப்பைக் கொண்டுவந்து இணைத்தான். இது சூட்டில் இளகும்டா என்றேன். "தண்ணிதான மாமா போவுது, நெருப்பா போவுது" என்றான். கரன்ட் கசிந்தால் மண்ணுக்குள் இறங்க எர்த் எங்கே என்று கேட்டேன். வீடு கட்டும்போதே எர்த்துக்குத் தோண்டிய குழி முழங்கால் ஆழத்தில் பாறை தட்டி அப்படியே நின்றுபோனது உனக்குத் தெரியாது. பின்பக்கம் முருங்கை மரத்தடியில் மண் இருக்கிறது, அங்கே புதுசாகத் தோண்டிப் போட்டுவிட்டு அப்புறம் மாட்டலாம் என்றேன். "இத்தினி வருசமா பேன் சுத்தல, டிவி ஓடல? எல்லாத்துக்கும் பயந்தா எப்டி மாமா" என்றான். உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். தம்பி கஷ்டப்பட்டு வேலை செய்கிறபோது குறுக்கே பேசாதே என்கிற பார்வை. நான் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

இனிமேல்தான் விஷயம். கீசருக்குள் பச்சைத் தண்ணீர் நுழைகிற இடத்தில் விரல் தடிமனுக்கு ஒரு வால்வு இருக்கும். தண்ணீர் சூடானால் பெருக்கும். பெருத்த தண்ணீர் வந்த வழியே திரும்பிப் போகாமல் அந்த வால்வு தடுக்கும், அதே நேரம் உள்ளே அழுத்தம் அதிகமானால் பக்கவாட்டில் ஒரு சின்ன மூக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். அதனால் கீசர் ஓடும்போதெல்லாம் அந்த மூக்கு சொட்டும். சொட்டினால் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். உன் அம்மாவிடம் முதல் நாளே சொன்னேன், அது மூச்சு விடுகிறது, விடட்டும் என்று. அவளுக்குத் தலையில் ஏறியது, மனசில் ஏறவில்லை. அவள் வளர்ந்த தெரு எது என்று உனக்குத் தெரியும். வல்லத்து மேலத்தெருவில் எல்லாக் குடமும் நிறைந்த பிறகு கடைசிக் குழாயில் நூல் மாதிரி வருகிற தண்ணீரைப் பிடித்து வளர்ந்தவள். இன்றைக்கும் எங்கேயாவது சொட்டுச் சத்தம் கேட்டால் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவாள். அந்த மூக்குக்குக் கீழே ஒரு சொம்பை வைத்தாள், நிறைந்ததும் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள். அதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பக்கத்து வீட்டு மீனம்பாள் வந்து பார்த்துவிட்டு, "இன்னாக்கா, வூட்டுக்குள்ள தண்ணி இப்டி ஒழுவிக்கினே கீது, லட்சுமி தங்க மாட்டாக்கா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். இவள் தம்பிக்குப் போன் போட்டு, "சொட்டுசொட்டா போவுதுடா, மனசு கேக்கல" என்றாள்.

அவன் வந்தான். நான் பள்ளியில் இருந்தேன். அந்த மூக்கில் டேப்பைச் சுற்றி ஒரு போல்ட்டை வைத்து முறுக்கி அடைத்துவிட்டான். "இப்ப பாருக்கா, கம்முனு கெடக்குது" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போயிருக்கிறான். அதோடு போனானா, இன்னொன்றும் செய்தான். உள்ளே சுண்ணாம்பு கட்டி, சூடு அளவுக்கு மீறிப் போனபோதெல்லாம் கீசர் தானாக அணைந்துகொண்டிருந்தது. அப்படி அணைய வேண்டும் என்றுதான் அதற்குள் ஒரு கட் அவுட் வைத்திருக்கிறார்கள். "அடிக்கடி நின்னு பூடுதுடா" என்று உன் அம்மா அதையும் சொல்ல, மூடியைக் கழற்றி அந்தக் கட் அவுட்டை நீக்கிவிட்டு இரண்டு ஒயரையும் நேராக முறுக்கிவிட்டான். சாயங்காலம் நான் வந்ததும், ஒழுகல் நின்றுவிட்டது என்று உன் அம்மா பெருமையாகக் காட்டினாள். புது வால்வு போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். ஒருத்தன் வால்வின் வாயையே அடைப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை, தோன்றியிருக்கவும் முடியாது. நன்றாக யோசித்துப் பார். தண்ணீர் சூடாகிறது, பெருக்கிறது, திரும்பிப் போக வழியில்லை, வெளியே போகிற வழியில் போல்ட், போதும் நிறுத்து என்று சொல்ல வேண்டிய கருவி கழன்று அலமாரி மேல் கிடக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால்கூட அடுத்தது என்ன என்று சொல்லிவிடும்.

அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிறோம், செஞ்சியில் குளித்துவிட்டு ஸ்பெஷல் பஸ் பிடிக்கிறோம் என்று இளவரசன் பெண்டாட்டி பிள்ளைகள், மாமியார் வீட்டார் என்று ஒரு படையையே கூட்டிக்கொண்டு விடியற்காலையில் வந்துவிட்டான். ஒருத்தர் மாற்றி ஒருத்தர் குளித்தார்கள், கீசரை யாரும் அணைக்கவே இல்லை. இடையில் மேல்தொட்டியில் தண்ணீர் தீர்ந்து, மோட்டார் போட்டு நிரம்புகிற வரைக்கும் குளியல் நின்றது. கீசர் நிற்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தேன், குளியலறைப் பக்கம் மணலை வறுக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. எழுந்தேன். அதற்குள் உன் அம்மா உள்ளே போய், இளவரசனின் சின்னப் பெண் அனுவுக்குத் தண்ணீர் கலக்கலாம் என்று குழாயைத் திருப்பினாள். ஆவி சீறியது, இளகிப்போயிருந்த வெள்ளைப் பைப் வளைவில் பிய்த்துக்கொண்டு வந்தது. அந்தக் குழந்தை துண்டைக் கட்டிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் நின்றது. இடது கையால் அதை வெளியே தள்ளிவிட்டு வலது தோளைத் தண்ணீருக்குக் காட்டினாள். அவள் போட்ட சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. மெயினை அணைத்தேன், அவளை இழுத்துக்கொண்டு வந்து பின்பக்கத் தொட்டியில் இருந்த பச்சைத் தண்ணீரை மொண்டு மொண்டு விடாமல் ஊற்றினேன். மீனம்பாள் இட்லி மாவோடு ஓடிவந்தாள், இன்னொருத்தி பேஸ்ட் எடுத்து வந்தாள், எதையும் பூச விடவில்லை, கத்தி விரட்டினேன், அதற்கும் அந்த வாத்தியாருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தெருவில் பேச்சு. ஆஸ்பத்திரியில் டாக்டர் அதைத்தான் முதலில் கேட்டார், எதுவும் பூசவில்லையே என்று.

கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகு உன் மாமா சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா. "கம்பெனி பீசு சரியில்ல மாமா." நான் முக்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். போல்ட்டைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தேன், இது எந்தக் கம்பெனி பீசு என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, கட்டிலில் கிடந்தவள் பக்கம் கையை நீட்டி, "அக்காதான ஒழுவுதுன்னு சொன்னிச்சி" என்றான். கை வெந்து கிடக்கிறவளைக் காட்டிச் சொன்னான். அவளும், "ஆமா, நான்தான் சொன்னேன், அவன வுடுங்க" என்றாள். எனக்கு இன்னும் ஆறாதது இதுதான். அந்தப் பைப் மட்டமான பைப்பாக இருந்து பிய்ந்துபோனதால் அழுத்தம் அந்த வழியாகப் போனது. பைப் நின்றிருந்தால் கீசர் தொட்டியே வெடித்திருக்கும். அப்போது உனக்கு எழுத வேண்டிய கடிதத்தை இந்த வீட்டில் யார் எழுதியிருப்பார்கள் என்று தெரியவில்லை.

உனக்கு அவன் என்ன சொன்னான் என்று குரூப்பில் பார்த்தேன். கம்பெனியின் தப்பு, உள்ளே தண்ணீரைக் காய்ச்சுகிற காயில் எரிந்துவிட்டது என்று சொன்னான். நீயும், பழசு போகட்டும் மாமா, பெரிசாக நல்லதாக ஒன்று மாட்டிவிடுங்கள் என்று எழுதினாய். பெட்டி வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது, நம் பீரோவுக்குப் போட்டியாக. இரண்டு பேர் குளிப்பதற்குக் கல்யாண மண்டபத்துக்கு மாட்டுகிற அளவில் ஒன்று. மார்கழியில் புதுப்பொருள் மாட்ட வேண்டாம், தை பிறந்ததும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். நல்ல மாதம் கெட்ட மாதம் பார்க்காதவன் நான், இந்த ஒரு தடவை மார்கழிக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் தை பிறக்கும். பொங்கல் முடிந்ததும் அவன் ஸ்பானரோடு வந்து நிற்பான், அதே சுவரில், அதே அரைகுறை எர்த்தில் மாட்டுவான், புது வால்வும் சொட்டும், உன் அம்மாவுக்கு மறுபடியும் மனசு கேட்காது. நான் தடுத்தால் அக்கா தம்பிக்கு நடுவில் நின்று கெடுக்கிறவன் ஆவேன், ஏற்கெனவே ஆகிவிட்டேன். அந்தப் பெட்டி உன் பெயரில் வந்தது. மாட்டக்கூடாது என்று நீ சொன்னால்தான் மாட்டாமல் இருப்பான்.

எதை வாங்குவது என்று இப்போதாவது கேட்டுக்கொள், கிளாஸ் என்று நினைத்தாலும் பரவாயில்லை. எங்கள் இரண்டு பேருக்குப் பதினைந்து லிட்டர் தாராளம், உன் அம்மா ஒரு வாளி சுடுதண்ணீரில் இரண்டு வாளி விளாவிக் குளிக்கிறவள். நொடியில் காய்கிற சின்ன ரகம் வேண்டாம், நம் தண்ணீருக்கு அதன் சின்ன வயிறு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். வெயில்தான் கொட்டிக் கிடக்கிறதே, மாடியில் சோலார் போடலாமே என்று நீ கேட்பாய், நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். மலையிலிருந்து இறங்குகிற குரங்குகள் நம் ஊர் மேலத்தெரு ரிட்டையர்டு தாசில்தார் வீட்டுக் கண்ணாடிக் குழாய்களை என்ன செய்தன என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வாளியில் போடுகிற ராடு இந்த வீட்டு வாசற்படியைத் தாண்டக்கூடாது. தொட்டியின் உட்புறம் கண்ணாடிப் பூச்சு இருக்க வேண்டும், உள்ளே மக்னீசியம் ராடு ஒன்று இருக்க வேண்டும். அந்த ராடு தான் கரைந்து தொட்டியைத் துருப்பிடிக்காமல் காப்பாற்றும், கரைந்து தீர்வதற்குள் மாற்ற வேண்டும், நம் ஊர்த் தண்ணீருக்கு வருஷம் ஒரு முறை கழற்றிப் பார்க்காமல் இருக்க முடியாது. ஸ்டார் எத்தனை என்று கடைக்காரன் சொல்வது கரன்ட் பில்லுக்கு, உயிருக்கு வேறு பார்க்க வேண்டும். முருங்கை மரத்தடியில் புது எர்த் குழி, கீசருக்கென்று தனி லைன், கரன்ட் கசிந்தால் அந்த நொடியே துண்டிக்கிற சுவிட்ச், சூடு தாங்குகிற பைப், இவை நான்கும் முடிந்த பிறகுதான் கீசர் பெட்டியைப் பிரிக்க வேண்டும். வால்வின் மூக்கிலிருந்து ஒரு குழாயைச் சுவருக்கு வெளியே கறிவேப்பிலைச் செடி வரைக்கும் இழுத்துவிட வேண்டும். அதன் வாயை யாரும் மூடக்கூடாது. சொட்டுவது உன் அம்மா கண்ணிலும் படாது, தண்ணீரும் வீணாகாது. இதை நான் போன மார்கழியிலேயே யோசித்து வைத்திருந்தேன். கேட்க ஆள் இல்லை.

மாட்டினால் முடிந்தது என்று நினைக்காதே. குளிக்கப் போகும்முன் அணைத்துவிட்டுத்தான் போக வேண்டும். சூட்டைக் கடைசி வரைக்கும் திருப்பிவைக்கக் கூடாது, பாதிக்குக் கொஞ்சம் மேலே போதும், அதிகம் சூடேற்றினால் சுண்ணாம்பும் அதிகம் கட்டும். வருஷா வருஷம் ஐப்பசி மழை தொடங்கும்முன் கரன்ட்டைத் துண்டித்து, ஆறவைத்து, தண்ணீரை வடித்து, உள்ளே கட்டியதைச் சுரண்டி எடுக்க வேண்டும். வால்வில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், அதை அவ்வப்போது தூக்கிவிட்டுப் பார்க்க வேண்டும், தண்ணீர் வந்தால் உயிரோடு இருக்கிறது. தானாக அணைந்தால் ஏன் அணைந்தது என்று கேட்க வேண்டும், அணைக்கிறவனைப் பிடுங்கி எறியக்கூடாது. உனக்கும் சொல்கிறேன், உன் வீட்டு நிலவறையில் காஸில் ஓடுகிற பெரிய தொட்டி இருப்பதாகச் சொன்னாய். இன்றைக்கே இறங்கிப் போய்ப் பார். அதற்கும் ஒரு வால்வும், தரை வரைக்கும் இறங்குகிற குழாயும் இருக்கும், அதன் அடியில் அட்டைப் பெட்டிகளை அடுக்கியிருந்தால் எடு. புகை வெளியேறுகிற குழாய் பனியில் அடைபடாமல் இருக்கிறதா என்று பார். அந்தப் புகைக்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை, தூங்குகிறவன் எழுந்திருக்க மாட்டான். அந்தப் புகை கசிந்தால் கத்துகிற அலாரம் ஒன்று விற்கிறது, இல்லையென்றால் வாங்கி மாட்டு. நீயே மாட்டு, யாரிடமும் சொல்லாதே.

இப்போது பின்பக்கம் அடுப்பு ஊதுவது நான். காலையில் தண்ணீர் காயவைத்து, கட்டு நனையாமல் அவளுக்கு ஊற்றிவிட்டு, சோறு வடித்துவிட்டு, சட்டையில் புகை நாற்றத்தோடு பள்ளிக்குப் போகிறேன். பிள்ளைகள் மூக்கைச் சுளிக்கிறார்கள். உனக்குச் சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை, சொல்லிக்காட்டுவதாக நீ எடுத்துக்கொண்டாலும் மறுக்க மாட்டேன். உன் அம்மாவிடம் இதைக் கேட்டு அவளை அழ வைக்காதே. குற்றம் அவள் மேல் இல்லை, தண்ணீரைக் காப்பாற்ற நினைத்தவள் அவள். உன் மனசு கெட்டது என்றும் சொல்லவில்லை. நீ பணம் அனுப்பினாய், பாசம் அனுப்பினாய், ஒரு கேள்வி மட்டும் அனுப்பவில்லை. கடைக்காரனைக் கேட்டாய், மாமாவைக் கேட்டாய், இன்டர்நெட்டில் முகம் தெரியாதவன் எழுதியதையெல்லாம் படித்தாய். இந்த வீட்டில் இருக்கிற ஒருத்தனை விட்டுவிட்டாய். எனக்கு மரியாதை வேண்டும் என்று கேட்கவில்லை, அது இல்லாமலே இவ்வளவு காலம் ஓட்டிவிட்டேன். கேட்டிருந்தால் அவள் தோள் வெந்திருக்காது, அவ்வளவுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு. பனியில் வண்டியை மெதுவாக ஓட்டு. நோய்நொடி இல்லாமல், யார் முன்னாலும் தலை குனியாமல், நீ நன்றாக இருக்க வேண்டும், அந்த எண்ணம் கோபத்திலும் குறையாது. தை பிறப்பதற்குள் உன் மாமாவிடம் பேசு, பெட்டியைத் தொடக்கூடாது என்று சொல், காரணம் கேட்டால் நான் சொன்னேன் என்று தாராளமாகச் சொல்லிக்கொள். அலாரத்தை மறந்துவிடாதே.

கீழே இப்படிக்கு என்று எழுதி என் பெயரைப் போடப் போனேன், நிறுத்திவிட்டேன். கையெழுத்து இல்லாமல் வருவதை நம் பக்கம் மொட்டைக் கடுதாசி என்பார்கள், வந்ததும் யார் எழுதியது என்று விசாரிக்கக் கிளம்பிவிடுவார்கள். நீயும் விசாரி. நான் பள்ளியில் இருக்கிற நேரம் பார்த்து என் போனுக்குக் கூப்பிட்டு, "நைனா, இத நீங்கதான் எழுதனீங்களா, இப்ப இன்னா செய்யணும்" என்று என்னிடம் கேள். கேட்டால் சொல்கிறேன். நாளைக் காலை தபால் நிலையம் திறந்ததும் இதை இப்படியே ஒட்டிப் போடப்போகிறேன், கையெழுத்துப் போடவில்லை.